ஐந்து வாட் ரேடியோவும் ஈரப் போர்வைகளும்

அந்த ரேடியோ நல்ல ரேடியோவா, மோசமான ரேடியோவா?

எனக்குப் பத்து வயதிருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்து, ஒரு சனிக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை காலைவரை மட்டும் தங்கிவிட்டுப் போன ரேடியோ அது. இப்போது என் மகள் ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, கைப்பேசியில் அதே வகை ரேடியோக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஒருவர் அருமை என்கிறார். இன்னொருவர் விலைக்கேற்ற பொருள்தான், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்கிறார். படிக்கப் படிக்கக் குழப்பம் கூடுகிறது. ஆனால் என் கேள்வி அந்தப் பழைய ரேடியோவைப் பற்றியது. அதைச் சோதித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவள் என் சித்தி. அந்தத் தீர்ப்பை நம்புவதா வேண்டாமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அது பாட்டுக் கேட்கிற ரேடியோ இல்லை. ஹாம் ரேடியோ என்பார்கள். சிற்றலையில் அடுத்தவர் பேசுவதைக் கேட்கலாம், நாமும் பேசலாம். அதற்கென்று தேர்வு எழுதி, அரசாங்கத்திடம் லைசென்ஸ் வாங்க வேண்டும்.

சித்தி அம்மாவின் தங்கை. கல்யாணத்துக்கு முன்பு ஆம்பூரில் எங்களோடுதான் இருந்தாள். ஷூ கம்பெனியில் க்யூசி வேலை. தைத்து முடித்து வருகிற ஷூக்களைப் பார்த்து, குறை இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அம்பின் முனை எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு நூல் பிரிந்திருக்கும், இல்லையென்றால் தோலில் ஒரு கீறல் இருக்கும். அந்த ஸ்டிக்கர்கள் அவள் கைப்பையில் எப்போதும் கிடக்கும். என் சீருடையில் பொத்தான் தொங்கினால் அங்கே ஓர் அம்பு. அம்மா சுட்ட தோசை கருகினால் தட்டின் விளிம்பில் ஓர் அம்பு. "கம்பெனி வேலைய கம்பெனியோட விட்டுட்டு வாடி" என்று அம்மா கத்துவாள். சித்தி சிரிப்பாள். ஆனால் எதையும் இரண்டு தடவை திருப்பிப் பார்க்காமல் அவள் அம்பு ஒட்டியதில்லை. ஒட்டிவிட்டால் அது சரியாகத்தான் இருக்கும்.

வேலூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்த ஏதோ ஒரு வகுப்புக்குப் போய், தேர்வும் எழுதி, சித்தி அந்த லைசென்ஸை வாங்கினாள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பாராட்டியதாக நினைவில்லை. லைசென்ஸ் தருவதற்கு முன் போலீஸ் விசாரணை உண்டு. ஒரு நாள் காலையில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் வந்து, பக்கத்து வீடுகளிலும் சித்தியைப் பற்றிக் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டில் டீ குடித்துவிட்டுப் போனார். அவர் டீ குடித்ததைத் தெரு பார்க்கவில்லை. வந்ததை மட்டும் பார்த்தது.

"உங்க வீட்டுக்குப் போலீஸ் வந்துச்சாமே? உங்க சித்தி இன்னா பண்ணாங்க?" என்று பள்ளியில் ஒருத்தி கேட்டாள்.

"அது எங்க வீடு இல்ல, பக்கத்து வீடு" என்றேன்.

சித்தி கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொள்வது என் வழக்கம். அந்த வாரத்திலிருந்து நான் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டேன்.

லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. பேசுவதற்குச் செட்தான் இல்லை. கடையில் கிடைத்த பெரிய செட்டுகளை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியாது. வேலூரில் அவளுக்குத் தெரிந்த ஒருவர் வீட்டிலேயே மலிவாகச் சின்னச் செட்டுகள் செய்துகொண்டிருந்தார். டிபன் பாக்ஸ் அளவு, பச்சைப் பெயின்ட் அடித்த தகரப் பெட்டி, ஐந்து வாட் சக்தி. கையில் தூக்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போகலாம். பைக் பேட்டரி ஒன்று இருந்தால் போதும். "ஞாயித்துக்கெழம வரைக்கும் வச்சு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. புடிச்சா வச்சுக்கங்க. இல்லன்னா திங்கக்கெழம குடுத்துடுங்க, அடுத்த ஆள் காத்துட்டிருக்காரு" என்று சொல்லிக் கொடுத்தாராம்.

சனிக்கிழமை சாயங்காலம் சித்தியும் அப்பாவும் சேர்ந்து மொட்டை மாடியில் ஒரு மூங்கில் கழியை நட்டு, அதன் உச்சியிலிருந்து பச்சை ஒயரை இரண்டு பக்கமும் சரிவாக இழுத்துக் கட்டினார்கள். அதுதான் ஆன்டெனா. ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டியில் முடிந்தது. இன்னொரு பக்கம் தெருவைப் பார்த்த கைப்பிடிச் சுவர்வரை வந்தது. செட்டைப் பின் அறையில் வைத்துச் சித்தி ஒரு முறை மைக்கை அழுத்தியதும் பக்கத்து வீட்டு அம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினார். வீட்டில் உருதும் எங்களிடம் தமிழும் பேசுகிறவர்; நாங்கள் பூபு என்று கூப்பிடுவோம்.

"ஏம்மா, உங்க வூட்ல இன்னா ஓடுது? எங்க டிவில படம் நெளியுது. ஒரே பேஜாரா இருக்கு."

"ரெண்டு நாள்தான் பூபு, கொஞ்சம் பொறுத்துக்கங்க" என்றாள் சித்தி.

மதுரையில் ஓய்வுபெற்ற ஒருவர் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தன் செட்டோடு காத்திருப்பதாகச் சித்தியிடம் சொல்லியிருந்தார். அவருக்கு இவள் குரல் கேட்டால் செட் நல்ல செட், வாங்கிவிடலாம். கேட்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். சோதனை அவ்வளவுதான்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரிதான் குடியாத்தத்திலிருந்து போன் வந்தது. சித்தியைப் பெண் பார்க்க மறுநாள் மத்தியானம் வருகிறார்கள். மாப்பிள்ளை வீட்டில் லுங்கி வியாபாரம்.

"அந்தக் கம்பிய இப்பவே அவுத்துடு" என்றாள் அம்மா.

"பன்னண்டு மணிக்குத்தானக்கா வர்றாங்க? பத்து மணிக்குப் பேசி முடிச்சுட்டு நானே அவுத்துடறேன்."

"போலீஸ் வந்துட்டுப் போன வீடுன்னு ஏற்கெனவே ஒரு சம்பந்தம் தட்டிப்போச்சு. இப்போ ஒயர்லெஸ் கம்பி வேறயா? இன்னான்னு நெனப்பாங்கடி?"

"இது ஒண்ணே ஒண்ணுதான்க்கா கேக்கறேன். அவுக்கமாட்டேன்னு சொல்லு."

அம்மா மாடிப் பக்கம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு, "சரி, அவுக்கல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரை மணிக்கு இன்னொரு போன். கார் கிடைத்துவிட்டதாம். பேர்ணாம்பட்டு தாண்டிவிட்டார்களாம், அரை மணியில் வந்துவிடுவார்களாம். சித்தி அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். அம்மா மாடிக்கு ஓடினாள். பின்னாலேயே நானும் ஓடினேன். வெயிலில் அந்தப் பச்சை ஒயர் தெருவில் எங்கிருந்து பார்த்தாலும் தெரியும்போல் இருந்தது. அம்மா முடிச்சில் கை வைத்தாள். எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"வாக்குக் குடுத்துட்டேனே" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பதில் வந்தது. "இன்னான்னு வாக்குக் குடுத்தீங்க?"

"அவுக்கமாட்டேன்னு."

"அப்ப அவுக்காதீங்க. துணி போட்டு மூடுங்க. துணி தொங்குனா கொடின்னுதான் நெனப்பாங்க. எவன் வந்து கொடியப் பாக்கறான்?"

அம்மாவின் முகம் தெளிந்தது. காலையில் ஊறவைத்திருந்த போர்வைகளைச் சரியாகக்கூடப் பிழியாமல் வாளியோடு தூக்கிக்கொண்டு வந்தாள். "காத்து தோல் ஷாப் பக்கமிருந்து அடிக்குது, ஒரே நாத்தம். இப்ப எவளாவது துணி காயப்போடுவாளா?" என்று முணுமுணுத்துக்கொண்டே போட்டாள்.

"கம்மியா இருந்தா ஒயரு தெரியும். இருங்க, என்னுதும் ரெண்டு தர்றேன்" என்று பக்கத்து வீட்டு அம்மா தன் பெட்ஷீட்டுகளையும் நனைத்துக் கொடுத்தார். "அந்தப் பொண்ணுக்கு ஒரு நல்லது நடக்கட்டும். எங்க டிவியும் பொழைக்கட்டும்."

நான் கிளிப் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரப் பாரத்தில் ஒயர் தொய்ந்து தரையை நெருங்கியது. மூங்கில் கழி வில் மாதிரி வளைந்தது. தண்ணீர் சொட்டச் சொட்ட எங்கள் மாடி சாதாரண வீட்டு மாடியாகிவிட்டது. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது நினைத்தால் கூசுகிறது. இனி பள்ளியில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள் என்று நினைத்தேன்.

சித்தி பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாகப் பின் அறையில் செட்டின் முன் உட்கார்ந்தாள். அந்த அறையிலிருந்து பார்த்தால் மாடி தெரியாது. என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டாள். பத்து மணிக்கு ஒரு திருகைத் திருப்பியதும் இரைச்சலுக்கு நடுவே மூக்கடைத்த மாதிரி ஒரு குரல் எழுந்தது.

"மதுரையிலிருந்து கேட்டுட்டிருக்கேன். கூப்பிடுங்கம்மா."

சித்தி என் முழங்காலை இறுக்கிப் பிடித்தாள். மைக்கை அழுத்தி, தனக்கு அரசாங்கம் கொடுத்த அடையாள எழுத்துகளை ஒவ்வொன்றாக, ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் ஆங்கில வார்த்தை வைத்துச் சொன்னாள். மைக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டுக் காத்திருந்தாள்.

"யாரோ இருக்கற மாதிரி இருக்கு. ஒண்ணும் எடுக்க முடியல. திரும்பக் கூப்பிடுங்க."

திரும்பக் கூப்பிட்டாள், இன்னும் சத்தமாக. அவர் குரல் எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் குரல் அவருக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குள் வாசலில் கார் நின்றது. கூடத்தில் பேச்சுக் குரல்கள். கதவு இடுக்கு வழியாக எல்லாம் கேட்டது.

"உள்ள யாரு அது கத்தறது?" என்றது ஒரு பெண் குரல். மாப்பிள்ளையின் அம்மா.

"என் தங்கச்சிதாங்க. பசங்களுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுக்கறா" என்றாள் அம்மா.

"ஞாயித்துக்கெழமகூடவா? பரவால்லயே! ஆனா ஒரே வார்த்தைய எத்தினி வாட்டி சொல்றா?"

"பசங்க கொஞ்சம் மக்குங்க."

அந்த அறையில் இருந்த ஒரே பிள்ளை நான்தான். முகம் சூடாகிவிட்டது. சித்தியின் புடவையைப் பிடித்து இழுத்தேன். "போதும் சித்தி, எல்லாரும் கேக்கறாங்க."

அவள் என்னைப் பார்க்காமல் இன்னொரு முறை கூப்பிட்டாள்.

"ம்ஹூம், இல்லம்மா" என்றது மதுரை. "ஆன்டெனாவ ஒரு தடவ பாருங்க. சாயங்காலம் நாலு மணிக்கு நான் மறுபடி இருப்பேன். முடிஞ்சா வாங்க."

சித்தி செட்டை அணைத்தாள். பேட்டரி இணைப்பைத் தொட்டுப் பார்த்தாள். பின் பக்கத்தில் ஒயர் செருகிய இடத்தை அசைத்துப் பார்த்தாள். அதற்குள் அம்மா வந்து காபித் தட்டைக் கையில் கொடுத்துவிட்டாள்.

மாப்பிள்ளை தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய அம்மா காபியை எடுத்துக்கொண்டே, "நேத்து வீட்ல விருந்தாளுங்களா? மாடி நெறைய போர்வ காயுதே" என்றார்.

சித்தியின் கையில் தட்டு அப்படியே நின்றது. அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா டம்ளர்களைப் பார்த்தாள். நான் இரண்டு பேரையும் பார்த்தேன்.

பிறகு சித்தி, "ஆமாங்க, இன்னிக்குக் காத்து நல்லா அடிக்குதுல்ல, அதான்" என்றாள். தட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தது.

அவர்களுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டது. கிளம்பும்போதே சொல்லிவிட்டார்கள். அம்மா வாசலில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் மாடிக்குப் போனபோது சித்தி பட்டுப்புடவையோடு போர்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு பெட்ஷீட்டுகளைத் தனியாக அடுக்கிச் சுவர்மேல் வைத்தாள். பாரம் குறையக் குறைய ஒயர் மேலே எழும்பிக்கொண்டே போனது. கடைசிப் போர்வையை எடுத்ததும் கழி நிமிர்ந்து நின்றது.

"நல்லா காஞ்சிருக்கு" என்றாள். யார் போட்டது என்றுகூடக் கேட்கவில்லை.

நாலு மணிக்கு அவள் கூடத்தில் உட்கார்ந்து வெள்ளைப்பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, மணி நாலு" என்றேன்.

"தெரியும் கண்ணு."

எழுந்திருக்கவில்லை. பூண்டு முழுவதையும் உரித்து முடித்தாள். பிறகு பின் அறைக்குப் போய், செட்டைத் துணியால் துடைத்து, கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்து அதன் மூடியில் ஒட்டினாள். அந்த முறை அவள் எதையும் திருப்பிப் பார்க்கவில்லை.

"ரேடியோ இன்னாடி ஆச்சு?" என்று அம்மா அறை வாசலில் நின்று கேட்டாள். குரல் மெதுவாக இருந்தது. உள்ளே வரவில்லை.

"செட்டு சரியில்லக்கா. சத்தம் போய்ச் சேரல. நாளைக்குத் திருப்பிக் குடுத்துடறேன்."

"விடு, போனா போவுது" என்றாள் அம்மா. நின்றாள். இன்னும் ஏதோ சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். "பூண்ட எங்க வச்ச?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

நான் செட்டின் அருகே போய் அம்பைப் பார்த்தேன். அதன் முனையில் ஒன்றுமே இல்லை. கீறல் இல்லை, திருகு இல்லை, எழுத்து இல்லை; வெறும் பச்சைப் பெயின்ட். குறை பெட்டிக்கு உள்ளே இருக்கிறது போலும் என்று எண்ணிக்கொண்டேன். மறுநாள் பள்ளியில், "அது ரிப்பேர் செட்டு, திருப்பிக் குடுத்தாச்சு" என்று கேட்காதவர்களிடம்கூடச் சொன்னேன்.

ஒரு ஷூவையும் இரண்டு தடவை பார்க்காமல் ஒதுக்காதவள், அந்தச் செட்டை ஏன் இரண்டாவது தடவை பார்க்கவில்லை? அது அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. போர்வைகள் இல்லாமல் ஒயர் வெறுமனே நின்றது. மதுரையில் ஒருவர் காத்திருந்தார். நாலு மணிக்கு அவருக்குக் குரல் கேட்டிருந்தால் செட் நல்ல செட் என்று ஆகியிருக்கும். அப்புறம் காலையில் கேட்காமல் போன குறையை எங்கே ஒட்டுவது? வாசலில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்ற அக்காவின் மேல்தான் ஒட்ட வேண்டும். கிளிப் டப்பா பிடித்துக்கொண்டு நின்ற என்மேலும். அதற்காகத்தான் அவள் போகவில்லையா, அல்லது ஒரு போர்வைக்குக்கூட நம் வீட்டில் எதிர்த்துப் பேச முடியாது என்று அலுத்துப்போய் விட்டுவிட்டாளா என்பது எனக்கு இப்போதும் தெரியவில்லை. தெரிந்ததெல்லாம் இதுதான்: நாங்கள் அவளை நினைத்து வெட்கப்பட்டோம். எங்கள் வெட்கத்தை அவள் அந்தப் பெட்டியின் மேல் ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

சித்தி குடியாத்தத்தில் நன்றாகத்தான் இருக்கிறாள். சித்தப்பா நல்லவர். போன மாதம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என் மகள் பால்கனியில் நின்று, ஒரு பவுடர் டப்பாவை வாயருகே வைத்துக்கொண்டு, தெருவில் போகிறவர்களையெல்லாம் "ஓவர், ஓவர்" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் மாமியார் அவளைத் திரும்பிப் பார்த்தார். உடனே நான், "மெதுவா பேசுடி, பக்கத்துல கேக்கும்" என்றேன். சித்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

பேச்சை மாற்றுவதற்காக, கைப்பேசியில் வைத்திருந்த ஒரு சின்னச் செட்டின் படத்தைக் காட்டினேன். ஐந்து வாட், கையடக்கம், பேட்டரி உள்ளேயே இருக்கிறது. சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு மூலையாகப் பார்த்தாள்.

"நல்லாருக்குமா சித்தி?"

"கைல வாங்கிப் பாத்தாதான் சொல்ல முடியும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "லைசென்ஸ இன்னும் ரினியூ பண்ணி வச்சிருக்கேன்" என்றாள். இத்தனை வருடத்தில் ஒரு செட்கூட அவளிடம் இருந்ததில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். படிக்கிறவர்களில் ஹாம் ரேடியோ தெரிந்தவர்கள் இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். மலிவான இந்தச் சின்னச் செட்டுகள் கொஞ்ச நேரம் பேசினாலே சூடாகிவிடுகின்றன என்று சிலர் எழுதுகிறார்கள். பக்கத்திலிருக்கும் பெரிய ரேடியோ நிலையங்களின் இரைச்சல் உள்ளே வந்துவிடும் என்கிறார்கள். அவ்வளவு மோசமா? மாடியில் ஒரு ஒயரை மட்டும் வைத்துக்கொண்டு ஐந்து வாட்டில் மதுரைவரை பேசிவிட முடியுமா? ஈரப் போர்வைகள் தொங்கினால் உண்மையிலேயே குரல் போய்ச் சேராதா, அல்லது அந்தச் செட்டே மோசமானதுதானா? அது மோசமான செட்தான் என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ஆனால் ஆறுதலுக்காகச் சொல்லாதீர்கள்.

ரேடியோ தெரியாதவர்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். செட்டை வாங்கிக் கையில் கொடுக்கும்போது அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேசலாமா, பேசாமல் கொடுத்துவிடலாமா? எங்கள் வீட்டுக்கு வந்தே ஒயர் கட்டிக்கொள்ளச் சொல்லலாம் என்றும் நினைத்திருக்கிறேன். எங்கள் மாடியில் துணி காயப்போடத் தனியாக ஒரு கொடி இருக்கிறது.